கெடு தேதி தாண்டிக் கட்டிய கிரெடிட் கார்டு பில், சிபில் ஸ்கோரை எந்த அளவுக்குப் பாதிக்கும்?

கேள்வி: என் கிரெடிட் கார்டு பில்லுக்குக் கெடு தேதி 10. வெளியூர் போயிருந்ததால் மறந்துவிட்டு, முழுத் தொகையான ரூ.18,400-ஐ 18ஆம் தேதிதான் கட்டினேன். அடுத்த பில்லில் வந்த தாமதக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன். இதற்கு முன் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அடுத்த ஆண்டு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். சிபில் ஸ்கோர் குறையுமா? முப்பது நாளுக்குள் கட்டிவிட்டால் பதிவே ஆகாது என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: தாமதம் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. பதிவாகியிருந்தால் ஸ்கோர் ஓரளவு இறங்கியும் இருக்கலாம். ஆனால் பல ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டிவந்த ஒருவர் ஒரேயொரு முறை எட்டு நாள் தாமதித்ததை மட்டும் காரணம் காட்டி வீட்டுக் கடனை எந்த வங்கியும் மறுப்பது அரிது, அதுவும் விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு இருக்கும்போது. எனவே அச்சப்பட வேண்டாம். அதே சமயம், தாமதக் கட்டணத்தைக் கட்டியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். தாமதக் கட்டணம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. நாள் தாமதம் என்பது, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து ஸ்கோர் கணக்கிடும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எழுதப்படும் பதிவு. முதலாவதைப் பணம் கொடுத்துத் தீர்த்துவிடலாம், வாடிக்கையாளர் சேவையில் பேசித் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது அப்படித் தீர்வதில்லை. கட்டணத்தை வங்கி முழுமையாகத் திருப்பித் தந்தாலும் எத்தனை நாள் தாமதம் என்ற பதிவு அதனால் மறைந்துவிடாது.

முப்பது நாள் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அமெரிக்க நடைமுறையைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு தவணை முப்பது நாள் தாண்டிய பிறகே கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிக்கும் வழக்கம் இருக்கிறது. கிரெடிட் கார்டு பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அந்நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்டது என்பதால், அந்த முப்பது நாள் கணக்கு நம் ஊர்க் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் அப்படியே நுழைந்துவிட்டது. இந்தியாவில் விதி வேறு. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது குறித்து ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விரிவான வழிகாட்டுதலின்படி, கெடு தேதிக்குப் பிறகு மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை இருந்தால்தான் அந்தக் கணக்கைத் தாமதக் கணக்கு என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம், தாமதக் கட்டணமும் வசூலிக்கலாம். நமக்குச் சட்டம் தரும் அவகாசம் இந்த மூன்று நாள்தான்.

இந்த மூன்று நாளிலும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இருக்கிறது. மூன்று நாள் தாண்டிவிட்டால், தாமதம் நான்காம் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, பில்லில் அச்சிட்ட கெடு தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. உங்கள் விஷயத்தில் 13ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால் தாமதக் கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. 18ஆம் தேதி கட்டியதால், வங்கியின் கணக்கில் உங்கள் தாமதம் ஐந்து நாள் அல்ல, எட்டு நாள். மேலும், இந்த அவகாசம் கட்டணத்துக்கும் பதிவுக்கும் மட்டுமே பொருந்தும், வட்டிக்குப் பொருந்தாது. முழுத் தொகையைக் கெடு தேதிக்குள் கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை ரத்தாகி, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். மாதத்துக்கு 3.5 சதவீதம் அளவிலான வட்டி இந்தியக் கார்டுகளில் சாதாரணம், ஆண்டுக்கு அது 42 சதவீதம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்த உச்சவரம்பையும் இப்போது யாரும் நம்பியிருக்க முடியாது. உங்கள் அடுத்த பில்லில் தாமதக் கட்டணத்தோடு வட்டி என்று தனியாக ஒரு வரியும் இருந்திருக்கும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இனி, அந்த எட்டு நாள் எப்படிப் பதிவாகும் என்பதைப் பார்ப்போம். முன்பு வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை கடன் விவரங்களை அனுப்பிவந்தன. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது இரு வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நாள் நிலவரத்தையும் அனுப்பியாக வேண்டும் என்றானது. உங்கள் பில் 10ஆம் தேதி கட்ட வேண்டியது, 15ஆம் தேதி நிலுவையில் இருந்தது, 18ஆம் தேதி தீர்ந்தது. ஆகவே 15ஆம் தேதி நிலவரத்தில் ஐந்து நாள் தாமதம் என்றும், மாதக் கடைசி நிலவரத்தில் நிலுவை ஏதும் இல்லை என்றும் தகவல் போயிருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிய காலத்தில் இப்படி இடையில் வந்துபோன தாமதம் கண்ணில் படாமலே போனதுண்டு. விவரங்கள் அடிக்கடி அனுப்பப்பட அனுப்பப்பட அந்த இடைவெளி சுருங்குகிறது. ‘போன வருஷமும் இப்படித்தான் ஒரு வாரம் தள்ளிக் கட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற அனுபவத்தை இனி வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடன் அறிக்கையை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு கடனுக்கும் கார்டுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். சிபில் அறிக்கையில் இவை கடைசி 36 மாதங்களைக் காட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் மூன்று இலக்க எண்தான் டிபிடி (DPD), அதாவது கெடு தேதி தாண்டிய நாட்களின் எண்ணிக்கை. 000 என்றால் தாமதம் இல்லை. 030 என்றால் முப்பது நாள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் அந்த மாதத்துக்கு வங்கி எதுவும் தெரிவிக்கவில்லை என்று பொருள், அது தவறு செய்ததற்கான அடையாளம் அல்ல. சில கணக்குகளில் எண்ணுக்குப் பதிலாக எஸ்டிடி என்று இருக்கும். தொண்ணூறு நாளுக்குள் பணம் வந்துகொண்டிருக்கும் ஒழுங்கான கணக்கு என்று அதற்குப் பொருள். எஸ்யுபி (SUB), டிபிடி (DBT), எல்எஸ்எஸ் (LSS) என வருவனவெல்லாம் வாராக்கடனின் அடுத்தடுத்த நிலைகள். இவற்றில் சந்தேகக் கடனைக் குறிக்கும் எழுத்துகளைத் தமிழில் படித்தால், நாள் எண்ணிக்கைக்கான டிபிடியைப் போலவே ஒலிக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டத்தில் எண் இருந்தால் அது நாள் கணக்கு, எழுத்து இருந்தால் வங்கி அந்தக் கடனுக்குக் கொடுத்திருக்கும் தரம்.

ஸ்கோர் எத்தனை புள்ளி குறையும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எட்டு நாளுக்கு இத்தனை, முப்பது நாளுக்கு இத்தனை என்று எந்த நிறுவனமும் இந்தியாவில் பட்டியல் வெளியிட்டதில்லை. தவணை ஒழுங்குக்கு 35 சதவீதம், பயன்படுத்திய கடன் அளவுக்கு 30 சதவீதம் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோருக்கு அந்த நிறுவனம் சொல்லும் பங்கீடு. நம் நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. 300 முதல் 900 வரையிலான ஸ்கோரை ஒவ்வொன்றும் தன் சொந்த முறைப்படி கணக்கிடுகிறது. ஒரே நாளில் எடுத்த அறிக்கைகளில் ஒருவருக்கே ஸ்கோர் முன்பின்னாக இருப்பது அதனால்தான். துல்லியமான புள்ளிக் கணக்கோடு யாராவது பேசினால் அதை நம்ப வேண்டாம்.

புள்ளிக் கணக்கு இல்லாவிட்டாலும் அது எந்தத் திசையில் நகரும் என்பது தெளிவாகத் தெரிந்ததுதான். தாமதம் அண்மையில் நடந்ததா, பல மாதங்களுக்கு முன் நடந்ததா என்பது முதலில் வரும். பழைய தாமதத்தின் பாரம் காலப்போக்கில் குறையும். அடுத்தது ஆழம்: ஐந்து நாளும் எழுபது நாளும் ஒன்றல்ல. பிறகு எத்தனை முறை என்பது: ஒரு முறை பத்து நாள் தாமதித்தவரைவிட, ஆறு மாதம் தொடர்ந்து ஐந்தைந்து நாள் தாமதிப்பவரைத்தான் வங்கி அதிகம் சந்தேகிக்கும். ஏனெனில் பின்னவருடையது மறதி அல்ல, மாதக் கடைசியில் கையில் பணம் இருப்பதில்லை என்பதற்கான தடயம். இன்னொன்றும் உண்டு. 800ஐ ஒட்டிய ஸ்கோர் உள்ளவர்களுக்கு ஒரு சிறு தவறாலும் சறுக்கல் சற்றுப் பெரிதாகத் தெரியும், ஏற்கெனவே பல தாமதங்கள் உள்ளவருக்குப் புதிதாக ஒன்று சேர்வதால் அவ்வளவு வித்தியாசம் வராது. ஒரே கார்டு, ஒன்றரை ஆண்டு வரலாறு என்று இருப்பவருக்கும் அடி பலமாகவே இருக்கும், தாங்கிப் பிடிக்க நல்ல பதிவுகள் போதிய அளவு இல்லையே. உங்களுக்குப் பல ஆண்டு ஒழுங்கு துணை நிற்கிறது.

இந்தப் பதிவில் ரூபாய்க்கு இருக்கும் இடம் மிகச் சிறியது, நாளுக்கு இருக்கும் இடம் பெரியது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நான் பார்த்த கெட்டுப்போன அறிக்கைகளில், லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்ட முடியாமல் போனவர்களுடையவை ஒரு பகுதிதான். மீதியெல்லாம் அற்பத் தொகையால் கெட்டவை. வழக்கமாக நடப்பது இது. கடையிலோ அலுவலகத்திலோ வற்புறுத்திக் கொடுத்த கார்டை வாங்கி, முதல் ஆண்டுக்குப் பிறகு அலமாரியில் போட்டுவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு ஆண்டுக் கட்டணம் ரூ.500, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.590 என்று பில் வரும். அது பழைய அலுவலக மின்னஞ்சலுக்கோ மாற்றிவிட்ட கைபேசி எண்ணுக்கோ போகும். பயன்படுத்தாத கார்டுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அடுத்த மாதம் தாமதக் கட்டணம், அதற்கு அடுத்த மாதம் மீண்டும் ஒன்று. ரூ.590 சில ஆயிரங்களாக வளர்வதற்குள் கட்டங்களில் 030, 060, 090 என்று எண்கள் ஏறிவிடும். ஸ்கோரைக் கணக்கிடும் முறைக்கு, இது பயன்படுத்தாத கார்டின் ஆண்டுக் கட்டணம் என்று தெரியாது. ஒருவர் தொண்ணூறு நாளாகக் கட்டவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அவர்கள் வீட்டுக் கடனுக்குப் போகும் நாளில்தான் இது வெளிப்படும். வயதானவர்கள் அதிர்ந்துபோய் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏமாற்றும் எண்ணம் கடுகளவும் இல்லாதவர்கள் அவர்கள்.

எனவே வேண்டாத கார்டைச் சும்மா வைத்திருக்காமல், நிலுவையைத் தீர்த்துவிட்டு எழுத்தில் கோரி மூடிவிடுங்கள். நிலுவை இல்லாத கார்டை மூடக் கோரினால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடியாக வேண்டும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே 2022 வழிகாட்டுதலில் வந்த விதி. மூடியதற்கான கடிதத்தையோ மின்னஞ்சலையோ பத்திரப்படுத்துங்கள். ஆனால் இந்த அறிவுரை, நீங்கள் தாமதித்த கார்டுக்குப் பொருந்தாது. அதை மூடினால் தாமதப் பதிவும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. மாறாக, அந்தக் கார்டில் இனி ஒழுங்காகக் கட்டிப் புதிய 000-க்களைச் சேர்க்கும் வாய்ப்பும், அதன் கடன் வரம்பும் சேர்ந்து கைவிட்டுப் போகும்.

குறைந்தபட்சத் தொகை பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று 10ஆம் தேதி ரூ.18,400 கையில் இல்லாவிட்டாலும், பில்லில் ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டியிருந்தால் இந்தத் தாமதப் பதிவு வந்திருக்காது. தாமதம் என்பது அந்தக் குறைந்தபட்சத் தொகையை வைத்தே முடிவாகிறது. அதிலும் ஒரு ரூபாய் குறையக் கட்டினாலும் தாமதம்தான், ரூ.1,000 கட்டியிருக்கிறேனே என்ற வாதம் எடுபடாது. ஆகவே கட்ட முடியாத மாதத்தில் பதிவைக் காப்பாற்றிக்கொள்ள இது ஒரு வழி, ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே. ரூ.50,000 பில்லில் ரூ.2,500 மட்டும் கட்டினால், மீதி ரூ.47,500-க்கு 3.5 சதவீத வட்டி ரூ.1,662, ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ ரூ.1,960. நீங்கள் கட்டிய ரூ.2,500-இல் கடன் குறைவது ஐந்நூற்றுச் சொச்சம்தான். அந்த மாதம் புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியிருப்பது சும்மா அல்ல. இதற்கு ஸ்கோர் சார்ந்த விளைவும் உண்டு. கட்டங்களில் 000 இருந்தாலும், கார்டின் வரம்பில் பெரும்பகுதி எப்போதும் நிரம்பியே இருப்பதை அறிக்கை காட்டும், அதுவும் ஸ்கோரைக் கீழே இழுக்கும்.

தாமதம் தொண்ணூறு நாளை எட்டினால் அது வேறு கட்டம். குறைந்தபட்சத் தொகையைக் கெடு தேதியிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் முழுமையாகக் கட்டாத கார்டு கணக்கு வாராக்கடன் ஆகிறது. வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வாராக்கடன் என்பது இந்தியாவில் கடனைப் பார்த்து அல்ல, கடனாளியைப் பார்த்து வகைப்படுத்தப்படுகிறது. ஒரே வங்கியில் உங்களுக்கு வீட்டுக் கடனும் கார்டும் இருந்து, கார்டு மட்டும் வாராக்கடன் ஆனால், ஒரு தவணையும் தவறாத அந்த வீட்டுக் கடனும் அதே வகையில் சேர்ந்துவிடும். சில ஆயிரம் ரூபாய்க் கார்டு நிலுவை, முப்பது லட்ச ரூபாய்க் கடனைக் கெடுத்துவிடும் என்பது மிகைப்படுத்தல் அல்ல.

அதற்குப் பிறகு வசூல் முகவர்கள் வருவார்கள். ‘ஒரு லட்சத்துக்கு நாற்பதாயிரம் கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்பார்கள். செட்டில்மென்ட் என்ற இந்த ஏற்பாட்டை, கடன் முடிந்தது என்ற பொருளில் ஏற்றுக்கொள்கிறவர்கள் பலர். அறிக்கையில் அது ‘முடிந்தது’ என்று பதிவாகாது, ‘செட்டில்டு’ என்று பதிவாகும். வங்கி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு கணக்கை முடித்தது என்பதே அடுத்த வங்கி அதிலிருந்து படித்துக்கொள்ளும் செய்தி. கடன் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது கடன் தகவல் நிறுவனங்களுக்கான விதி. உண்மையிலேயே வழியில்லாதவர் செட்டில்மென்ட்டை ஏற்பதில் தவறில்லை, தூங்கவிடாத கடனிலிருந்து மீள்வது ஸ்கோரைவிட முக்கியம். ஆனால் சில மாதம் அவகாசம் கிடைத்தால் முழுவதும் கட்டிவிடக்கூடியவர், தள்ளுபடியில் மயங்கி அந்தச் சொல்லைத் தன் அறிக்கையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு கவலைப்படும் அளவுக்கு ஸ்கோரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு வீட்டுக் கடன் ஒன்றே போதிய விடை. பொதுத்துறை வங்கிகள் உட்படப் பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியைச் சிபில் ஸ்கோரின் அடிப்படையில் அடுக்கடுக்காக வைத்திருக்கின்றன. ரூ.40 லட்சத்தை இருபது ஆண்டுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.34,700. அதையே 9 சதவீதத்தில் வாங்கினால் ஏறத்தாழ ரூ.36,000. அரை சதவீத வித்தியாசம் இருபது ஆண்டில் மூன்று லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. வேலைவாய்ப்பையும் இது தொடுகிறது, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் திருப்பிச் செலுத்தியதில் இருந்த ஒழுங்கின்மை அறிக்கையில் தெரிந்ததால் ரத்து செய்யப்பட்டது. நிலுவையெல்லாம் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதிட்டும், வங்கியின் முடிவு சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. கட்டி முடித்ததும் பழையது அழிந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். முழுமையான அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டிய கடமை நான்கு நிறுவனங்களுக்கும் 2017 முதல் இருக்கிறது, அவற்றின் இணையதளத்திலேயே நேரடியாகப் பெறலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும். ஸ்கோரை மட்டும் பார்த்து மூடிவிடாமல், அந்தக் கார்டின் கட்டங்களையும், நிலுவை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எட்டு நாள் தாமதம் எட்டு நாளாகவோ ஐந்து நாளாகவோ பதிவாகியிருந்தால் அது உண்மை, அதை யாராலும் நீக்க முடியாது. ரூ.5,000 கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தையும் பான் எண்ணையும் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம். உண்மையான பதிவை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, பிழையான பதிவைத் திருத்த அவர்கள் தேவையில்லை. முப்பது நாள் என்றோ, கட்டிய பணம் இன்னும் நிலுவை என்றோ தவறாக இருந்தால், வங்கியிடமும் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமும் எழுத்தில் முறையிடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உங்களுக்கு உரியது என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியாகவே புகார் தரலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பில்லில் நீங்கள் செய்யாத செலவு ஏதேனும் இருந்து, அதனால் கட்டாமல் நிறுத்தியிருந்தால் அணுகுமுறை சற்று மாறும். அந்தத் தொகையை மட்டும் எழுத்தில் மறுத்துவிட்டு, மீதியைக் கெடு தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தகராறு தீரும் முன் அத்தொகைக்காக உங்களைத் தவறியவர் என்று வெளியே தெரிவிக்கக் கூடாது என்பது விதி, ஆனால் வாய்மொழியாக மட்டும் சொன்ன மறுப்புக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பது கடினம்.

மறதிக்கு ஆட்டோ டெபிட்தான் தீர்வு. அதைப் போடும்போது ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பலருக்குக் குறைந்தபட்சமே பதிவாகியிருந்து, வட்டி ஓடுவது மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கிறது. முழுத் தொகைக்கு மாற்றிவைத்து, கெடு தேதிக்கு முந்தைய நாளே கணக்கில் இருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இருப்பில்லாமல் திரும்பினால் அதற்கு வேறு அபராதம் உண்டு. கைபேசிச் செயலிகள் வழியாகக் கட்டுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே கட்டுவது நல்லது. உங்கள் கணக்கில் பணம் கழிந்த நேரமும், கார்டுக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட நேரமும் சில சமயம் ஒன்றாக இருப்பதில்லை. சம்பளம் மாதக் கடைசியில் வந்து, கெடு தேதி 25 என்று இருந்தால், பில் சுழற்சியையே மாற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒருமுறையாவது அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, ஆனால் நாம் கேட்காமல் யாரும் தருவதில்லை.

அடுத்த ஓராண்டில் புதிய கார்டு, தவணைக் கடன், ‘இப்போது வாங்கிப் பிறகு கட்டுங்கள்’ போன்றவற்றுக்கு விண்ணப்பிக்காமல் இருங்கள். கார்டு வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். உங்கள் மனைவியோ கணவரோ இணை விண்ணப்பதாரர் என்றால் அவருடைய அறிக்கையையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். இருவருடையதையும் வங்கி பார்க்கும், அலமாரியில் கிடக்கும் பழைய கார்டு ஒன்று அவர் பெயரிலும் இருக்கலாம். விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு இன்னொரு முறை அறிக்கையைப் பார்த்தால், பிழை இருந்தாலும் திருத்த நேரம் இருக்கும். வங்கி அதிகாரி அந்த ஒரு தாமதத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல், கெடு தேதியும் கட்டிய தேதியும் தெரியும் அந்த மாதப் பில்லையும் கட்டிய ரசீதையும் காட்டுங்கள். அந்த இரண்டு தாள்களையும் இன்றே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது, பழைய பில்கள் வங்கிச் செயலியில் நெடுங்காலம் இருப்பதில்லை.